வேலியே பயிரை மேயும்போது: பசுமைக்குடில் தக்காளியில் இரைவிழுங்கி நாவாய்ப்பூச்சி எழுப்பும் கேள்விகள்

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா மாகாணத்தில் தக்காளி விவசாயிகள் விலை கொடுத்து வாங்கிச் செடிகளின் மீது விடும் ஒரு பூச்சியை, நெதர்லாந்து, பெல்ஜியம், பிரிட்டன் ஆகிய நாடுகளின் கண்ணாடிக்குடில் விவசாயிகள் செலவு செய்து ஒழிக்க முயன்று வருகின்றனர். அதே பூச்சி இந்தியாவில் எவரும் விடாமலேயே தக்காளி வயல்களிலும் பசுமைக்குடில்களிலும் வாழ்கிறது. அதன் அறிவியல் பெயர் நெசிடியோகோரிஸ் டெனுயிஸ். மிரிட் எனப்படும் நாவாய்ப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இது, மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள மெலிந்த பச்சைப் பூச்சியாகும்.

வெள்ளை ஈக்களையும், தக்காளி ஊசிப்புழுவின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் இது உறிஞ்சி உண்கிறது. அந்த வகையில் இது விவசாயியின் நண்பன். ஆனால் இரை தீர்ந்தவுடன் அதே ஊசி போன்ற வாயைத் தக்காளித் தண்டில் செலுத்துகிறது. பூ உதிர்கிறது, நுனி ஒடிகிறது. நண்பன் எந்த நாளில் பகைவனாக மாறுகிறான் என்பதைக் கணிப்பதுதான் பசுமைக்குடில் தக்காளி மேலாண்மையில் இன்று மிகக் கடினமான கேள்வியாக உள்ளது.

சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் தக்காளி விளைவிக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் விளைகிறது. இதில் பெரும்பகுதி திறந்தவெளிச் சாகுபடியே. எனினும் 2023 ஜூலையில் சில நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியதும், தேசிய கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு உள்ளிட்ட அமைப்புகள் வாயிலாக மத்திய அரசு கிலோ 90 ரூபாய்க்கும் பின்னர் 80, 70 ரூபாய்க்கும் விற்க நேர்ந்ததும், பருவம் சாராத விளைச்சல் குறித்த பேச்சை மீண்டும் எழுப்பின. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் கீழ் பசுமைக்குடில் அமைக்க ஆகும் செலவில் 50 சதவீதம் மானியமாக வழங்கப்படுகிறது. மானியம் குடிலின் குழாய்களையும் நெகிழித்தாளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. உள்ளே பூச்சிகளுக்கிடையே நடக்கும் போரை எவ்வாறு நடத்துவது என்ற அறிவு அந்த வேகத்தில் வந்து சேரவில்லை.

ஊசிப்புழுவின் வருகை

இந்தப் பூச்சி முக்கியத்துவம் பெற்றதற்குக் காரணம் மற்றொரு பூச்சி. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டூட்டா அப்சொலூட்டா எனும் தக்காளி ஊசிப்புழு, 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பெயினில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து மத்தியதரைக்கடல் நாடுகள், மேற்கு ஆசியா எனப் பரவி, 2014ஆம் ஆண்டில் இந்தியாவை அடைந்தது. முதலில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பதிவான இப்புழு, பின்னர் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்கும் பரவியது. இதன் ஒரு பெண் அந்துப்பூச்சி 250க்கும் மேற்பட்ட முட்டைகள் வரை இடக்கூடியது. புழு இலையின் இரு தோல்களுக்கு நடுவே புகுந்து பச்சையத்தைத் தின்கிறது, காயையும் துளைக்கிறது. கட்டுப்படுத்தாவிட்டால் விளைச்சல் முழுவதும் பறிபோகலாம்.

இலைக்குள் ஒளிந்து வாழும் புழுவை மருந்து எளிதில் எட்டுவதில்லை. எட்டும் மருந்துகளுக்கும் புழு விரைவில் பழகிவிடுகிறது. ஐரோப்பாவில் டைஅமைடு வகை மருந்துகள் அறிமுகமாகிச் சில ஆண்டுகளிலேயே அவற்றுக்கு எதிர்ப்புத்திறன் கொண்ட புழுக்கள் இத்தாலியில் கண்டறியப்பட்டன. இந்தச் சூழலில்தான் ஸ்பெயின் விவசாயிகள் நெசிடியோகோரிஸின் பக்கம் திரும்பினர்.

அல்மேரியாவில் 30,000 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பில் நெகிழிக்குடில்கள் உள்ளன. அங்கு விளைந்த குடைமிளகாயில் தடை செய்யப்பட்ட பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததாக 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் எழுந்த சர்ச்சை, அம்மாகாண விவசாயிகளை உயிரியல் கட்டுப்பாட்டுக்கு மாற வைத்தது. ஏற்றுமதிச் சந்தையே கைநழுவும் நிலை வந்த பிறகுதான் மாற்றம் வந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அதே காலத்தில் ஊசிப்புழுவும் வந்து சேர, தக்காளியில் இந்த நாவாய்ப்பூச்சி முதன்மை ஆயுதமானது.

நாற்றங்காலிலேயே செடிக்கு ஒன்று அல்லது இரு செடிக்கு ஒன்று என்ற கணக்கில் பூச்சிகளை விட்டு, உணவாக மாவு அந்துப்பூச்சியின் முட்டைகளைத் தூவும் முறை அங்கு உருவாக்கப்பட்டது. பெண் பூச்சிகள் நாற்றின் திசுவுக்குள் முட்டையிட்டுவிடுவதால், நடவு செய்யும் நாளிலேயே செடி தன் காவலர்களைச் சுமந்தபடி குடிலுக்குள் நுழைகிறது. கேட்பதற்கு எளிதாக உள்ள இந்த உத்தி, நடவுக்குப் பின் பூச்சி பெருகக் காத்திருக்கும் காலத்தைப் பல வாரங்கள் மிச்சப்படுத்தியது.

ஸ்பெயின் ஆய்வாளர்கள் மற்றொன்றையும் கண்டறிந்தனர். இப்பூச்சி செடியைக் குத்தும்போது, ஜாஸ்மோனிக் அமிலம் முதலிய செடியின் தற்காப்புச் சமிக்ஞைகள் தூண்டப்படுகின்றன. அவ்வாறு குத்தப்பட்ட செடியிலிருந்து எழும் வாசனை வெள்ளை ஈக்களை விலக்குகிறது, அவற்றைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை ஈர்க்கிறது. ஆக, செடியைக் குத்துவது முழுக்கத் தீமை என்றும் கூறிவிட முடியாது. அளவுதான் பிரச்சினை.

தண்டில் கருவளையம்

சேதத்தின் அடையாளம் தனித்துவமானது. இளந்தண்டு, இலைக்காம்பு, பூக்காம்பு ஆகியவற்றைச் சுற்றிப் பழுப்பு அல்லது கருநிறத்தில் மெல்லிய வளையம் தோன்றும். பூச்சி ஒரே இடத்தில் நில்லாமல், தண்டைச் சுற்றி வரிசையாகக் குத்தி, உணவு கடத்தும் திசுவிலிருந்து சாற்றை உறிஞ்சுவதால் அப்பகுதி இறந்து வளையமாகிறது. வளையம் விழுந்த இடத்தில் தண்டு உலர்ந்து எளிதில் ஒடியும் தன்மை பெறுகிறது. கயிற்றில் ஏற்றி வளர்க்கப்படும் செடியின் நுனியைத் தொழிலாளர்கள் சுற்றிவிடும்போது, அது சட்டென முறிந்து கையோடு வந்துவிடும். பூக்காம்பில் வளையம் விழுந்தால் பூ கருகி உதிரும். ஒரு கொத்தில் பத்துப் பூக்களில் நான்கைந்து போனாலும், அக்கொத்தின் அறுவடை பல வாரங்கள் கழித்தே குறைந்து தெரியும். அப்போது காரணத்தைத் தேடிப் பயனில்லை.

இந்தியச் சூழலில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கோடையில் குடிலுக்குள் வெப்பம் ஏறும்போது தக்காளி இயல்பாகவே பூவை உதிர்க்கும். மகரந்தச் சேர்க்கை குறைந்தாலும் உதிரும். ஐரோப்பாவில் இப்பணியைக் குடிலுக்குள் விடப்படும் பம்பிள் தேனீக்கள் செய்கின்றன. இங்கு பெரும்பாலும் செடியையோ கம்பியையோ தட்டி அதிர்வூட்டுவதே வழக்கம். போரான் பற்றாக்குறை எனக் கருதி நுண்ணூட்டம் தெளிப்போரும் உண்டு. பூ உதிர்வுக்கு இத்தனை காரணங்கள் இருக்கையில், பூக்காம்பை உற்றுநோக்கி வளையம் உள்ளதா எனப் பார்க்காத வரை, நாவாய்ப்பூச்சியின் பங்கு எவர் கண்ணிலும் படாது. மறுபுறம், செடியில் பச்சைப் பூச்சி ஓடுவதைக் கண்டவுடன் தத்துப்பூச்சி என எண்ணி மருந்தடிப்பவர், ஊசிப்புழுவைத் தின்றுகொண்டிருந்த காவலனையும் சேர்த்தே கொன்றுவிடுகிறார். இரண்டு தவறுகளும் எதிரெதிர் திசையில் நடக்கின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றே: பூச்சியை அடையாளம் காணாமை.

குளிர்நாடுகளில் ஏன் பகைவன்?

ஸ்பெயினில் நண்பனாகக் கொண்டாடப்படும் பூச்சி வடக்கு ஐரோப்பாவில் ஏன் வெறுக்கப்படுகிறது என்பதற்கான விடை, சாகுபடி முறையில் உள்ளது. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரிட்டன் ஆகிய நாடுகளில் வெப்பமூட்டப்பட்ட கண்ணாடிக்குடில்களில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஒரே பயிர் நிற்கிறது. அங்கு வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த, நெசிடியோகோரிஸின் உறவினமான மேக்ரோலோஃபஸ் பிக்மேயஸ் என்ற சாதுவான நாவாய்ப்பூச்சி விடப்படுகிறது. (சாது என்பதும் ஒப்பீட்டளவில்தான். பிரிட்டனில் அதுவே மிகுந்து, செர்ரி ரகங்களில் பூவும் பிஞ்சும் உதிர்ந்ததும் பதிவாகியுள்ளது.) அந்தப் பூச்சி நிலைபெறுவதற்காகத் தூவப்படும் அந்துப்பூச்சி முட்டைகள் போன்ற உணவு, அழையா விருந்தாளியாக நுழைந்த நெசிடியோகோரிஸுக்கும் பயன்படுகிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நெசிடியோகோரிஸ் முட்டையிலிருந்து முதிர்பூச்சியாகச் சுமார் 3 வாரங்களே போதும். மேக்ரோலோஃபஸுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். கோடை வெப்பம் கூடக்கூட இந்த ஓட்டப்பந்தயத்தில் யார் வெல்வார் என்பது வெளிப்படை.

அல்மேரியாவில் பயிர்ச்சுழற்சி குறுகியது. ஊசிப்புழுவும் வெள்ளை ஈயும் ஓயாமல் இருப்பதால் இரைக்கும் பஞ்சமில்லை. மேலும், தக்காளிச் செடியை மட்டும் உண்டு இப்பூச்சியின் இளங்குஞ்சுகளால் வளர்ச்சியை நிறைவு செய்ய இயலாது என்பதை ஸ்பெயினில் நடந்த ஆய்வுகள் காட்டின. இரை தீர்ந்தால் சிறிது காலத்தில் பூச்சியின் எண்ணிக்கை தானாகவே சரியும். ஆனால் அந்தச் சிறிது காலம்தான் ஆபத்தானது. இரை குறைந்து, பூச்சி உச்சத்தில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் தண்டில் வளையங்கள் பெருகுகின்றன.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் அயல்நாட்டு உயிரினங்களை உரிமமின்றி விடுவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே ஸ்பெயினில் புட்டியில் விற்கப்படும் பூச்சியை அங்கு விவசாயி விரும்பினாலும் வாங்கி விட முடியாது.

இந்தியா இவ்விரு நிலைகளில் எதைச் சேர்ந்தது? இரண்டையும் முழுமையாகச் சேராது என்பதே சரியான மதிப்பீடாக இருக்கும். ஓசூர், பெங்களூரு, புனே சுற்றுவட்டாரக் குடில்களில் வெப்பம் அல்மேரியாவைப் போன்றது. ஊசிப்புழு, வெள்ளை ஈ ஆகியவற்றின் தொல்லையும் அதுபோலவே. ஆனால் மருந்து தெளிப்பு அடிக்கடி நிகழ்வதால், இரை திடீரென மறைந்து மீண்டும் திடீரெனப் பெருகுகிறது. இரைவிழுங்கியின் நடத்தை இரையின் அளவையே சார்ந்திருக்கும்போது, இந்த ஏற்றத்தாழ்வு கணிப்பைக் கடினமாக்குகிறது.

ஒரே வேலை, இரு வேறு அறிவுரை

கட்டுப்பாட்டு முறைகளில் முதலிடம் பெறுவது கணக்கெடுப்பு. வாரம் ஒருமுறை, குடிலின் வெவ்வேறு பகுதிகளில் குறிக்கப்பட்ட செடிகளின் நுனிப்பகுதியைப் பார்த்து, முதிர்பூச்சிகளையும் இளங்குஞ்சுகளையும் எண்ணி, அருகில் வெள்ளை ஈக் குஞ்சுகளும் ஊசிப்புழுச் சுரங்கங்களும் எவ்வளவு உள்ளன எனச் சேர்த்துக் குறித்துவைக்க வேண்டும். பூச்சியின் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. இரை நிறைந்த செடியில் பத்துப் பூச்சிகள் பாதுகாப்பு, இரையற்ற செடியில் அதே பத்து ஆபத்து. புதிய வளையங்கள் நுனியில் தோன்றத் தொடங்கி, இரையும் அருகிவிட்டால் தலையிட வேண்டிய நேரம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

தலையிடும் முறைகளில் மிக எளிமையானது கத்தரிக்கோல். பெண் பூச்சி முட்டைகளைத் திசுவுக்குள் பதித்து வைப்பதால் எந்த மருந்தும் அவற்றை எட்டாது. ஆனால் பக்கக்கிளைகளையும் இலைகளையும் கழிக்கும்போது முட்டைகளும் குஞ்சுகளும் அவற்றோடு சேர்ந்து செடியை விட்டு நீங்கும். கழித்தவற்றை அன்றே குடிலுக்கு வெளியே கொண்டு சென்றால் எண்ணிக்கை குறையும். இரைவிழுங்கியைப் பெருக்க விரும்பும் பண்ணைகளில் இதற்கு நேர்மாறான அறிவுரை வழங்கப்படுகிறது: குஞ்சுகள் மீண்டும் செடியேறும் வரை கழித்த இலைகளைச் சில நாட்கள் குடிலுக்குள்ளேயே விட்டுவைக்க வேண்டும். இதில் ஊசிப்புழுவும் தப்பிவிடும் அபாயம் உண்டு என்பதால், அப்புழு மிகுந்த இடங்களில் இந்த அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற இயலாது. அன்றாடம் நடக்கும் ஒரே வேலை, எந்த நோக்கத்தில் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து எதிரெதிர் பலனைத் தருகிறது. கூலித் தொழிலாளருக்கு இதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு குடில் உரிமையாளருடையது.

செடி நுனியின் உயரத்தில் தொங்கவிடப்படும் ஒட்டுப்பொறிகள் முதிர்பூச்சிகளைப் பிடிக்கும். அவை வெள்ளை ஈயை உண்ணும் குளவிகளையும் பிடித்துவிடும் என்பது அதன் குறை. பெவேரியா பாசியானா பூஞ்சை போன்ற உயிரியல் மருந்துகளும் ஐரோப்பாவில் சோதிக்கப்பட்டுள்ளன. இவை ஈரப்பதம் கூடுதலாக உள்ள நேரத்திலேயே சிறப்பாக வேலை செய்யும் என்பதால் மாலையில் தெளிப்பது பொருத்தம். வேதி மருந்து தவிர்க்க முடியாத நிலையில், பூச்சி குவிந்துள்ள நுனிப்பகுதிகளுக்கும், சேதம் மிகுந்த வரிசைகளுக்கும் மட்டும் தெளிப்பதே அறிவார்ந்தது. குடில் முழுவதும் அடித்தால் இரைவிழுங்கிகள் ஒட்டுமொத்தமாக அழிந்து, அடுத்த சில வாரங்களில் ஊசிப்புழு தடையின்றிப் பெருகும். வளையத்துக்கு அஞ்சி மருந்தடித்தவர் காயில் துளை விழுவதைக் காண நேரிடும்.

எள் காட்டும் வழி

இவற்றைவிட இந்திய விவசாயிக்கு நெருக்கமான ஒரு வழியும் ஆராயப்பட்டுள்ளது. எள் இந்த நாவாய்ப்பூச்சிக்கு மிகவும் விருப்பமான செடிகளில் ஒன்று. தக்காளியில் இரையின்றி வளர இயலாத இதன் குஞ்சுகள், எள்ளில் நன்கு தழைக்கின்றன. தக்காளிக்கு இடையே எள் செடிகளை வைத்தபோது, பூச்சிகள் எள்ளை நாடியதால் தக்காளியில் விழும் வளையங்கள் குறைந்ததாக 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஜப்பானின் கோச்சி பகுதியில், கத்தரி, குடைமிளகாய் சாகுபடி செய்யும் விவசாயிகள் எள், கிளியோம் ஆகிய செடிகளில் இப்பூச்சியைத் தாங்களே வளர்த்துக் குடில்களுக்குள் கொண்டுசெல்கின்றனர்.

எள் செடி இங்கு இருவகையில் உதவுகிறது: இரை இல்லாக் காலத்தில் பூச்சியைப் பட்டினியிலிருந்து காக்கிறது, தக்காளியைப் பூச்சியிடமிருந்தும் காக்கிறது. எண்ணிக்கை எல்லை மீறினால், எள் செடிகளைப் பூச்சிகளோடு சேர்த்து வெட்டி அப்புறப்படுத்திவிடலாம். எள் விதைக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. ஆயினும் எத்தனை தக்காளிச் செடிக்கு எத்தனை எள் செடி, எந்த மாதத்தில் விதைப்பது, எள்ளைத் தாக்கும் இலைப்புள்ளி நோயும் பிற பூச்சிகளும் குடிலுக்குள் என்ன செய்யும் என்பனவற்றை இந்தியக் குடில்களிலேயே சோதித்துப் பார்த்தாக வேண்டும். ஜப்பானியக் கணக்கைத் தருவித்துத் தர்மபுரியில் நட்டால் அதே பலன் கிடைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

பெயரில்லாக் காவலன்

ஊசிப்புழு இந்தியாவில் நுழைந்த 2014ஆம் ஆண்டிலேயே, நெசிடியோகோரிஸ் அதனை இங்கு இரையாக்கிக்கொள்வதை இந்திய ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். இமாச்சலப் பிரதேசம், சோலன் அருகே நௌனியில் உள்ள ஒய்.எஸ்.பர்மார் தோட்டக்கலை மற்றும் வனவியல் பல்கலைக்கழகத்திலும் இப்பூச்சியின் இரையுண்ணும் திறன் ஆராயப்பட்டது. பெங்களூருவில் இயங்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம், நன்மை செய்யும் பூச்சிகளைச் சேகரித்துப் பேணும் மைய நிறுவனமாகும்.

டிரைக்கோகிரம்மா போன்ற முட்டை ஒட்டுண்ணிகளை நெல் அந்துப்பூச்சி முட்டைகளில் வளர்த்து அட்டைகளாக விநியோகிக்கும் அனுபவம் இந்தியாவில் பல பத்தாண்டுகளாக உள்ளது. நாவாய்ப்பூச்சியை வளர்ப்பதற்கு அதே அந்துப்பூச்சி முட்டைகள் உணவாகலாம், ஆனால் உயிருள்ள செடியும் தேவை என்பதால் அட்டை முறை இதற்குப் பொருந்தாது. ஐரோப்பாவிலிருந்து மேக்ரோலோஃபஸைத் தருவிக்கலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். அது மத்தியதரைக்கடல், ஐரோப்பியப் பகுதிகளுக்கு உரிய பூச்சி. உயிருள்ள பூச்சிகளை இறக்குமதி செய்ய, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி அனுமதியும் தனிமைப்படுத்திய சோதனையும் கட்டாயம். தேங்காய் முதல் தக்காளி வரை அயல்நாட்டுப் பூச்சிகளால் அடிபட்ட நாட்டில் இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்படக் கூடாது என்பதே நியாயம்.

ஆகவே கைவசம் இருப்பது, உள்ளூரிலேயே வாழும் நெசிடியோகோரிஸ்தான். உள்நாட்டுப் பூச்சி என்பதால் அதனை விடுவதற்குப் பெரும் தடை இல்லை. அதே காரணத்தால், பரிந்துரையின்றி விடுவதைத் தடுக்கவும் வழியில்லை. பொருளாதாரச் சேதநிலை இவ்வளவு, இதற்கு மேல் போனால் குறைக்க வேண்டும், இதற்குக் கீழ் இருந்தால் தொடக்கூடாது என்ற எண், இந்தியக் குடில் வெப்பத்துக்கும் இங்கு பயிராகும் ரகங்களுக்கும் ஏற்றவாறு விவசாயியின் கையில் கிடைத்தாக வேண்டும். ரகத்துக்கு ரகம் சேதம் மாறுபடும். பெரிய பழ ரகத்தில் ஓரிரு பூக்கள் உதிர்ந்தால் எஞ்சிய காய்கள் பருத்து அதனை ஓரளவு ஈடுகட்டும். கொத்தோடு விற்கப்படும் செர்ரி ரகத்தில் இரண்டு பழம் குறைந்த கொத்து தரம் இழக்கிறது.

மார்ச் தொடங்கி மே வரை, நெகிழிக்குடில்களின் உள்வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில், ஊசிப்புழுவும் நாவாய்ப்பூச்சியும் ஒருசேரப் பெருகும். கோடைத் தக்காளிக்கு விலை ஏறுவதும் பெரும்பாலும் அதை ஒட்டிய மாதங்களில்தான். அந்தப் பன்னிரண்டு வாரங்களில் ஒரு பூதக்கண்ணாடியும், வாரக் கணக்கு எழுத ஒரு குறிப்பேடும், நுனித்தண்டில் வளையத்தைத் தேடும் பழக்கமும் தெளிப்பானுக்கு முன்பாக விவசாயியின் கைக்கு வந்து சேருமா என்பது, மாநிலத் தோட்டக்கலைத் துறைகளின் களப்பணியாளர்கள் குடிலுக்குள் எத்தனை முறை கால் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.